என் மனைவி எழுதிய ஒன்பதாம் அத்தியாயம்

என் மனைவி அஃப்ரா, குமாசி பேருந்து நிலையத்தில் வடக்கே போகிற வண்டிகளுக்குச் சீட்டு விற்கிறவள். ஓர் ஆள் உட்கார்ந்தால் மூச்சு முட்டும் தகரக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்துகொண்டு இருபது வருஷமாக, "தமாலே, தமாலே, ஒரே சீட்டுதான் பாக்கி, ஓடி வாங்க" என்று கத்திக்கொண்டிருக்கிறாள். வண்டியில் பாதி காலியாகக் கிடக்கும். இப்படி வாய் கூசாமல் புளுகிப் பழகியதால்தான் அவளுக்கு நாவல் எழுதுகிற துணிச்சல் வந்தது என்று நான் நினைத்தேன். நினைத்ததை அவளிடமே சொன்னேன்.

"சரித்திர நாவலாக்கும்! பள்ளிக்கூடத்துல சரித்திரத்துல நீ எடுத்த மார்க்கு என்னன்னு உங்க மாமா எனக்குச் சொல்லியிருக்காரு" என்றேன்.

"மார்க்கு எடுத்தவன் வாத்தியாராப் போகட்டும். நான் கதை எழுதுறேன். உன் கடையைப் போய்த் திற, மனுஷா."

என் கடை என்பது பழைய லாரி உதிரிபாகக் கடை. அங்கே எனக்கு எல்லாம் புரியும். எந்தத் திருகு எந்த வண்டிக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த நாவல் விவகாரத்தில்தான் தொடக்கத்திலிருந்து கடைசிவரை எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதனால்தான் இதை எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு வண்டி கிளம்பி அடுத்த வண்டி நிரம்புகிற வரைக்கும் அவள் எழுதுவாள். ஓட்டுநர்கள் வந்து, "அக்கா, இன்னிக்கு யாரைக் கொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நாலு வருஷம் ஓடிற்று. கதை, அவள் பிறந்த ஊரான அபோதாசேயைப் பற்றியது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் போர் வந்து அந்த ஊர் சிதறி ஓடியதும், பிறகு ஓடைக்கு இந்தப் பக்கம் மறுபடி ஊர் கட்டியதும். எங்கள் ட்வி மொழியில்தான் எழுதினாள்.

நான் அபோதாசேக்காரன் இல்லை, அந்த ஊர் மாப்பிள்ளை. எங்கள் ஜனங்களில் பிள்ளைகள் தாய்வழிக்குச் சொந்தம், சொத்து தாய்மாமனிடமிருந்து அக்கா தங்கை மகனுக்குப் போகும். புருஷன் என்கிறவன் பெண்ணின் ஊரில் கைகட்டி நிற்க வேண்டியவன். பொடிசு முதல் கிழடு வரை என்னை "மாப்ளே" என்றுதான் கூப்பிடும், அதிலும் ஒரு நக்கல் இருக்கும்.

புத்தகம் போடுகிறவர்கள் யாரையும் அவள் தேடிப் போகவில்லை. "அவங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் செத்துருவேன்" என்று சொல்லி, சீட்டுக் காசில் சேர்த்ததை எடுத்துக்கொண்டு டெட்டேயின் அச்சகத்துக்குப் போனாள். டெட்டேக்கு வாழ்க்கை முழுக்கச் சாவு விளம்பரம் அடித்துத்தான் பழக்கம். கறுப்புக் கரை, சிவப்பு எழுத்து, நடுவில் செத்தவரின் படம். வெளியீட்டு விழாவுக்கான சுவரொட்டியையும் அந்தப் பாவி அப்படியே அடித்துவிட்டான். நடுவில் அஃப்ராவின் சிரித்த முகம், கீழே தேதி, இடம், "அனைவரும் வருக". மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நிலையத்து ஓட்டுநர்கள் கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். அஃப்ராவே கதவைத் திறந்தாள். அதில் ஒருவன் அலறிக்கொண்டு ஓடியே போனான்.

"கிழிஞ்சது போ" என்றேன். "விழாவுக்கு முந்தியே உனக்குச் சாவுக் காரியமே பண்ணிட்டானுங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

விழாவை அபோதாசேயில் வைத்தோம். ஊர்த் தலைவரான நானாவே தலைமை தாங்கச் சம்மதித்தார். (பெரியவர்கள் யாரையும் மரியாதையாக 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்; ஊரில் வெறுமனே நானா என்றால் தலைவர்.) சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் அஜேகும் மாமா, அஃப்ராவின் தாய்மாமா. அப்பன் விட்டுப்போன பிறகு அவளை வளர்த்துப் படிக்க வைத்தவர் அவர்தான். அரண்மனையில் அவர்தான் பேச்சாளர். நானா சபையில் நேரடியாகப் பேச மாட்டார். அவர் முணுமுணுப்பதை, தங்கப் பூண் போட்ட கோலைப் பிடித்துக்கொண்டு மாமாதான் உரக்கச் சொல்ல வேண்டும். சபை சொல்வதும் மாமா வழியாகத்தான் அவர் காதுக்குப் போக வேண்டும். முப்பது வருஷமாக அந்தக் கோல் அவர் கையில்.

"எங்க வீட்டுப் பொண்ணு புத்தகம் போட்டிருக்கு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னாடியே படித்துப் பார்க்கிறீர்களா என்று அஃப்ரா கேட்டதற்கு, "கையெழுத்துல எதுக்கு? அச்சுல வரட்டும், ராஜா மாதிரி உக்காந்து படிக்கிறேன்" என்றாராம்.

விழாவில் ஒலிபெருக்கி பிடித்தவன் கொம்லா, வோல்டா பக்கத்து ஆள், இந்த ஊர் விவகாரம் தெரியாதவன். வானொலியில் பேசுகிறவன், படிக்கத் தெரியாதவனையும் புத்தகம் வாங்க வைத்துவிடுவான். முதல் பிரதியை ஏலம் விடுவதற்கு முன்னால், ஒரு பக்கம் வாசித்துக் காட்டுகிறேன் என்று புத்தகத்தைப் பிரித்தான். பிரித்தது ஒன்பதாம் அத்தியாயம்.

'மரத்தை வெட்டுங்கள்' என்றார் தலைவர். ஓடையின் குறுக்கே பாலமாகக் கிடந்தது அந்த ஒரு மரம்தான். அக்கரையில் அவருடைய தங்கை டுஃபீ, நிறைமாத வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பகைவரின் முரசு கேட்டது. 'அண்ணா, இதோ வந்துவிட்டேன்' என்றாள். தலைவர் அவளைப் பார்த்தார். பிறகு கோடாலிக்காரனைப் பார்த்தார்.

கொம்லா நல்ல குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். எனக்கே உடம்பு சிலிர்த்தது. அப்போதுதான் முன்வரிசையில் அரியணைக் காவலரான கிழவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தார். பிறகு நானா எழுந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் தலைவர் எழுந்தால் ஒருத்தரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. இருநூறு நாற்காலியும் ஒரே சமயத்தில் கிறீச்சிட்டன. நானா, தலைவருக்கென்று பிடிக்கிற பெரிய குடையின் அடியில் நடந்து போய்விட்டார். சபை மொத்தமும் பின்னாலேயே போய்விட்டது. மாமாவின் முகம் பேயறைந்தது போல இருந்தது. பந்தலில் நான், அஃப்ரா, கொம்லா, அப்புறம் பிரிக்காத புத்தகக் கட்டுகள்.

"சத்தம் பத்தலையோ?" என்று கேட்டான் கொம்லா.

மறுநாள், அபோதாசேயில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு அரண்மனை ஆள் வந்து, வாசலில் நின்றபடியே சொன்னான்: "சொல்லக் கூடாததைப் புத்தகம் சொல்லிடுச்சு. அக்காவைச் சபைக்கு வரச் சொன்னாங்க."

"எது சொல்லக் கூடாதது?" என்றேன்.

"அதுதான்."

"அதுதான்னா எதுப்பா?"

"மாப்ளே, அது என்னன்னு நான் சொன்னா நானும் சொன்னவன் ஆயிடுவேன்ல?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. தெருவில் இறங்கி, பார்க்கிற ஆளையெல்லாம் கேட்டேன். என் மனைவி என்ன தப்பு செய்தாள்? பலசரக்குக் கடைக்காரி வானத்தைப் பார்த்தாள். தையற்காரன் வாயில் ஊசியை வைத்துக்கொண்டான். பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர்தான் இரக்கப்பட்டு, "வெள்ளிக்கிழமை" என்று என் காதில் சொல்லிவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் எனக்குப் பாதி விளங்கியது.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சபதம் உண்டு. எப்போதோ அந்த ஊருக்கு ஒரு பெருங்கேடு நடந்திருக்கும். என்ன நடந்தது என்று யாரும் சொல்லக் கூடாது. நடந்த கிழமையை மட்டும் சொல்லிச் சபதம் போடுவார்கள். அபோதாசேக்காரர்கள், "ஓடை வெள்ளி மேல ஆணை, நீ என் வரப்பை நகர்த்தினே" என்பார்கள். காதால் கேட்டவன் இரண்டு பேரையும் அரண்மனைக்கு இழுத்துப் போக வேண்டும். வழக்கு நடக்கும், தோற்றவன் ஆடு கொடுக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை என்னதான் நடந்தது என்று ஊரில் நாலே பேருக்குத்தான் தெரியும் என்பார்கள். நானா, அரசித் தாய், அரியணைக் காவலர், பேச்சாளர். மற்றவர்கள் கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். "அடியே, அந்த வெள்ளிக்கிழமையையா எழுதித் தொலைச்சே?"

"ஆமாம்."

"குத்தம்னு தெரியாதா உனக்கு?"

"உண்மையைச் சொன்னாத்தானே குத்தம்? எனக்குத்தான் உண்மை தெரியாதே. நானே இட்டுக் கட்டினேன். பொய்யைச் சொல்றதுக்கு எந்த ஊர்ல தண்டனை?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. "அப்ப அவங்க ஏன் எழுந்திருச்சுப் போனாங்க?" என்றேன்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்படியே நின்றாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் கேட்டதை அவள் அதுவரை யோசித்திருக்கவில்லை போலும். நானும் உட்கார்ந்தேன், ஏன் உட்கார்கிறேன் என்று தெரியாமலே.

"அப்ப அது நடந்திருக்கு" என்றாள். 

சபை கூடிய அன்று நடந்த கூத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை சுற்றுகிறது. முதல் கேள்வி, சபதத்தை மீறியது யார்? எழுதியவளா? வாசித்த கொம்லாவா? அச்சடித்த டெட்டேயா? டெட்டே நடுங்கிப்போய், "ஐயா, நான் எழுத்துப் பிழை பாத்தேனே தவிர என்ன எழுதியிருக்குன்னு பாக்கவே இல்லைங்க" என்றான். விழாவுக்கு முன்னாலேயே பந்தலில் மேசை மேல் கிடந்த பிரதியைப் புரட்டி அந்தப் பக்கத்தை மனசுக்குள் படித்துவிட்ட வாத்தியார், மனசுக்குள் படித்தாலும் சொன்னதாகுமா என்று கேட்டார். ஒருவர் ஆகும் என்றார். இன்னொருவர், உதடு அசைந்தால்தான் ஆகும் என்றார். அப்படியானால் காதால் கேட்ட நாமெல்லாம் யார் என்று ஒரு கிழவி எழுப்பிய கேள்வியில் சபையே குழம்பிப் போனது. இந்தக் கணக்குக்கு ஊரில் ஆடு பத்தாது என்று யாரோ சொன்னார்கள்.

அரியணைக் காவலர்தான் அதட்டி நிறுத்தினார். "ஆடு கெடக்கட்டும். இதை அவளுக்குச் சொன்னது யார்? அதைக் கேளுங்க."

நானா முணுமுணுத்தார். அஜேகும் மாமா கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். நானா கேட்பதை அவர்தானே சொல்லியாக வேண்டும்?  "நானா கேக்குறாரு. இந்தப் பொண்ணுக்கு அஜேகும் சொன்னானான்னு நானா கேக்குறாரு."

தன் மேல் விழுந்த குற்றத்தைத் தன் வாயாலேயே உரக்கக் கேட்ட மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.  அவர் சொன்னதாக ஆகிவிட்டால் கோல் போய்விடும். அதோடு, சாகிற வரைக்கும் அந்த ஊரில் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"மாமா சொல்லலை. யாருமே சொல்லலை. நானே யோசிச்சு எழுதினேன்" என்றாள் அஃப்ரா.

"அதெப்படி யோசிப்பே?" என்றார் காவலர்.

"இருபது வருஷமா வண்டி ஏத்தி விடுறேன், நானா. வண்டி கெளம்புறப்ப யார் பின்தங்குவாங்கன்னு எனக்குத் தெரியும். வயித்துப் பிள்ளைக்காரிதான் கடைசியா வருவா. ஓட்டுநர் நேரமாச்சுன்னு எடுத்துருவான். அவ கையை ஆட்டிக்கிட்டே நிப்பா. ஊரே ஓடுச்சுன்னா யாரை விட்டுட்டு ஓடியிருப்பாங்கன்னு யோசிச்சேன், அவ்வளவுதான்."

 எனக்குப் பொறுக்கவில்லை. "நடந்ததா நடக்கலையா, அதையாவது சொல்லுங்களேன்! நடக்கலைன்னா அவளுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?" என்று கத்திவிட்டேன்.

"நடந்ததுன்னும் நாங்க சொல்லலை, நடக்கலைன்னும் சொல்லலை. மாப்ளே, உக்காரு" என்றார் காவலர். உட்கார்ந்தேன்.

நானா நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். அஃப்ரா ஒலிபெருக்கி முன்னால் நின்று, 'ஒன்பதாம் அத்தியாயம் பொய், அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை' என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கங்களை எல்லாப் பிரதியிலிருந்தும் கிழித்துவிட வேண்டும். பொய் என்று ஆகிவிட்டால் யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. கோல் அஜேகும் கையிலேயே இருக்கும். புத்தகமும் விற்கலாம்.

அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. இதைவிடச் சுலபமான தண்டனை உண்டா? அது பொய்தானே! இட்டுக் கட்டினேன் என்று அவளே என்னிடம் சொன்னாளே! "சொல்லு, சொல்லு" என்று அவள் முதுகில் குத்தினேன்.

அவள் எழுந்தாள். நானாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"எழுதினப்ப அது பொய்தான்" என்றாள். "நாலு வருஷமா என் மனசுக்குள்ள இருந்தா. அக்கரையில நின்னு கையை ஆட்டிக்கிட்டே இருந்தா. அன்னிக்குப் பந்தல்ல உங்க எல்லார் மூஞ்சியையும் பாத்த பெறகு, அவ இருந்தான்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப நான் எப்படி அவ இல்லைன்னு சொல்லுவேன்? நாம அவளை ஒருதரம் விட்டுட்டு வந்தோம். இன்னொருதரம் நான் விடணுமா?"

"அப்ப உங்க மாமா?" என்றார் காவலர்.

அவள் அழுதாள். நானும் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லப்போனால் எனக்கு அவள் மேல் அப்போது கோபம்தான். வளர்த்த மனுஷனை விடப் பெரிதா, செத்து மண்ணாகிப்போன எவளோ ஒருத்தி? அந்த நிமிஷம் நான் அவளாக இருந்தால் பொய் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அது சரியா தப்பா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

நானா மறுபடி முணுமுணுத்தார். மாமா அதைச் சபைக்குச் சொல்லவில்லை. கோலை மெதுவாகத் தரையில் கிடத்தினார்.

"இது என் பேச்சு, நானா பேச்சு இல்லை. நான் அவகிட்ட எதையும் சொல்லலை, என் அம்மா மேல ஆணை. ஆனா அவ இல்லைன்னு சொல்லும்மான்னு இந்தப் பொண்ணைக் கேக்க என் வாய்க்கு வரலை. வேற யாரையாவது கேக்கச் சொல்லுங்க" என்றார்.

முப்பது வருஷத்தில் அவர் தன் சொந்தப் பேச்சைச் சபையில் பேசியது அதுதான் முதல்முறை. அரியணைக் காவலர் கோலை எடுக்கக் குனிந்தார்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தவர் அரசித் தாய். நானாவின் பெரியம்மா. எண்பதைத் தாண்டியவர், மொட்டைத் தலை, மடியில் அஃப்ராவின் புத்தகம். கண் தெரியாது என்பதால் யாரையோ விட்டுக் காதோடு வாசிக்கச் சொல்லியிருப்பார் போலும். தலையைத் திருப்பாமலே, ஒன்றும் தெரியாதவர் போல, "ஏ பொண்ணு" என்றார். "அவளுக்கு என்ன பேரு வச்சே?"

"டுஃபீ, நானா."

"அது அவ பேரு இல்லை."

 இருநூறு வருஷமாக யாரும் திறக்காத வாயை அரசித் தாய் அப்படிச் சாதாரணமாகத் திறந்துவிட்டார். நானாவே நிமிர்ந்து பார்த்தார்.

"அஜேகும் சொல்லியிருந்தா பேரைச் சரியாச் சொல்லியிருப்பான்" என்றார் அரசித் தாய். "கோலை எடுத்து அவன் கையில குடுங்க. ஒரு ஆடு வெட்டுங்க. இந்தப் பொண்ணுக்காக இல்லை, ஓடையோரம் கொண்டுபோய் வெட்டுங்க. இந்த ஊருக்குள்ள அந்தப் பக்கத்தை யாரும் சத்தமா வாசிக்க வேண்டாம். மனசுக்குள்ள வாசிக்கிறவங்களை நான் பாக்கலை, எனக்குக் கண்ணு தெரியாது."

எழுந்து போய்விட்டார். ஆட்டை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கோல் மாமாவிடம் இருக்கிறது, பக்கம் புத்தகத்தில் இருக்கிறது. சொல்லக் கூடாதது என்ன என்று ஊருக்கே ஆவல் வந்துவிட்டதால், குமாசிக்கு வந்து கூண்டிலேயே வாங்கிப் போனார்கள். தமாலேக்குச் சீட்டு வாங்கினவனும் ஒரு பிரதி வாங்கினான். இரண்டே மாதத்தில் கட்டு காலி.

ஆனால் அஃப்ராவின் முகத்தில் சிரிப்பு இல்லை. சோறு இறங்கவில்லை. ஜெயித்த பிறகு அழுகிறவளை என்ன செய்வது? "இப்ப என்னடி குறை உனக்கு?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷம் கழிச்சு அவளை ஊருக்குக் கூட்டிட்டு வந்தேன். வேற எவளோ பேர்ல கூட்டிட்டு வந்திருக்கேனே."

"சரி, மாமாவைக் கேட்டுச் சரியான பேரைப் போட்டுரு."

"மாமாவைக் கேக்கவா? அவர் பட்டது போதாதா?"

இரண்டாம் பதிப்பு அடிக்கப் போனபோது, டுஃபீ என்று வருகிற இடத்தையெல்லாம் வெறுமனே விடச் சொல்லிவிட்டாள். டெட்டே அழாத குறையாக என்னிடம் வந்தான். "அண்ணே, பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு. மை தீந்துபோச்சுன்னு என்னைத்தானே ஏசுவாங்க?"  அடிக்காமல் நிறுத்திவை என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் அபோதாசேயிலிருந்து ஆள் வந்தது. அரசித் தாயின் பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, எட்டாம் நாள் பேர் வைக்கிறார்கள், அஃப்ரா கட்டாயம் வர வேண்டும்.  நாங்கள் அரச குடும்பமும் இல்லை, உறவும் இல்லை. இன்னொரு ஆடு கேட்கப் போகிறார்களோ என்று பயந்துகொண்டே போனேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் முற்றத்தில் ஊரே நின்றது. அஃப்ராவை முன்வரிசையில், அரசித் தாய்க்கு எதிரே உட்கார வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி பேர் வைப்பது தகப்பனின் உரிமை. இந்தத் தடவை அரசித் தாய் தகப்பனைக் கூப்பிட்டு, அந்த உரிமையை எனக்குக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். எதற்கு என்று ஒருத்தருக்கும் புரியவில்லை, தகப்பனுக்கும் புரியவில்லை. பக்கத்தில் நின்றவன் என்னிடம் கேட்டான். "என்னைப் போய்க் கேக்குறியே" என்றேன்.

குழந்தையை வாங்கியவர் அஜேகும் மாமா. உள்ளதை உள்ளபடி பேசப் பழக்குவதாக எங்கள் வழக்கம், விரலைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு வைத்தார். "தண்ணின்னா தண்ணின்னு சொல்லு" என்றார். பிறகு ஜின் சாராயத்தில் நனைத்து ஒரு சொட்டு. "ஜின்னுன்னா ஜின்னுன்னு சொல்லு." குழந்தை மூஞ்சியைச் சுளித்தது. எல்லாரும் சிரித்தோம்.

அரசித் தாய் மாமாவின் காதில் ஏதோ சொன்னார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, சபையில் பேசுகிற அதே குரலில், ஒரு பேரைச் சொன்னார்.

பழைய காலத்துப் பேர். அந்த ஊரில் நான் கேட்டதே இல்லை. 'இதென்ன பேர், யார் வீட்டுப் பேர்' என்று பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நானும் அதையே கேட்கலாம் என்று அஃப்ரா பக்கம் திரும்பினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு நொறுங்குகிற பிடி. கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. எதிரே அரசித் தாய், கண் தெரியாதவர், முகத்தை நேராக அவள் பக்கமே வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது.

மாமா இரண்டாவது தரம் சொன்னார். வழக்கப்படி ஊர் அதைத் திருப்பிச் சொல்லியது. கிழவர்கள், பெண்கள், அந்தப் பலசரக்குக் கடைக்காரி, தையற்காரன், வாத்தியார், எல்லாரும். தாங்கள் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், அடித்தொண்டையிலிருந்து சொன்னார்கள். அரியணைக் காவலர் மட்டும் வாயைத் திறந்து மூடினார். அப்புறம் அவரும் சொன்னார்.

"டெட்டேகிட்டச் சொல்லி அந்த இடத்துல இந்தப் பேரையே..." என்று நான் அவள் காதில் கிசுகிசுத்தேன்.

"புத்தகத்தை விடு" என்றாள். "கூப்பிடு, மனுஷா. நீயும் கூப்பிடு."

மூன்றாவது தரம் மாமா சொன்னார். நானும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.